தலை அறுத்த போல்ட்

மற்றக் கார்களுக்கு ஹப்பிலேயே தண்டுகள் நீட்டி நிற்கும்.
சில்லைக் கொண்டுபோய்க் காட்டினால் போதும்,
பட்டிக்குத் திரும்பும் மாடுபோல் தானே போய் நிற்கும்.
என்னுடைய பேஜோவுக்கு நாலு ஓட்டை மட்டும்.
இருபது கிலோவை ஒரு கையால் ஏந்தி
ஓட்டைக்கு ஓட்டை நேர் பார்த்து
மற்றக் கையால் போல்ட்டைத் திருக வேண்டும்.
எனக்கு இடது தோள் ஒரு அளவுக்கு மேல் எழும்பாது.
உள்ளே ஒரு பீஸ்.
அந்தக் கதை இங்கே வேண்டாம்.

கிளிநொச்சியில் பத்திநாதரின் லேத்துக்குப் போனேன்.
கொப்பித் தாளில் கீறிக் காட்டினேன்.
"என்னத்துக்கு?"
"தொங்கப்போட."
கிறைண்டர் நின்றது. "ஆரை?"
"சில்லை, அண்ணை."
நீளமான பழைய போல்ட் ஒன்றைத் தலை அறுத்து
அறுத்த பக்கத்தைப் பென்சில்போலத் தீட்டித் தந்தார்.
ஆயிரத்தைந்நூறு. அதில் முந்நூறு இன்னும் கடன்.

வேலை இவ்வளவுதான்:
மேல் ஓட்டைக்குள் அதை விரலால் திருகு.
சில்லை உருட்டி வந்து, முழங்காலால் உந்தி, அதில் கொழுவு.
கையை எடு.
முதல்தரம் எடுக்க எனக்கு மனம் வரவில்லை.
எடுத்தபின் பிளேன்ரீ ஆறும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்,
ஒருவரும் பிடிக்காமல் ஒரு பாரம் நிற்பதை.
மூன்று போல்ட் போடு. பிறகு அதைக் கழற்று.
அது இருந்த இடத்தில் நாலாவது.

ஒட்டுசுட்டான் கழிந்து மறித்தார்கள்.
டாஷ்போட் பெட்டிக்குள் கையை விட்ட பெடியனுக்கு
இருபது வயது வராது.
உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான்:
விரல் நீளம், மங்கின வெள்ளி, கூர் நுனி.
"மேக்க மொகக்த?"
என் சிங்களத்தில் சில்லுக்குச் சொல் உண்டு.
கொழுவுவதற்கு இல்லை.
இன்னொருவன் வயர்லெஸ்ஸைத் தூக்கினான்.
பின் சீற்றில் சுபத்திரா ரீச்சர் கணக்குக் கொப்பி திருத்திக்கொண்டிருந்தா.
"கழட்டிக் காட்டும் பிள்ளை" என்றா,
சிவப்புப் பேனை தாளை விட்டு எழும்பாமல்.

காற்றுப் போகாத, ஒரு குறையும் இல்லாத சில்லை
நடு மத்தியானத்தில் ஜக்கு வைத்துக் கழற்றினேன்.
வெறுங்கையால் பூட்டிப் பார் என்று சைகை காட்டினேன்.
தூக்கினான். ஒரு ஓட்டை நேர் வந்தது, மற்றது விலகியது.
துவக்கு முன்னால் சரிந்து ரிம்மில் இடித்தது.
துவக்கை மற்றவனிடம் குடுத்துவிட்டு
முழங்காலில் நின்றான்.
மூக்கு நுனி வியர்வை ஹப்பில் விழுந்து காய்ந்தது.
சில்லு அவன் சப்பாத்தில் இறங்கியது.

பிறகு நான் தலையில்லாததைத் திருகி வைத்தேன்.
கொழுவினான்.
"கையை எடு" என்றேன், தமிழில்தான்.
எடுத்தான்.
நின்றது.
"ஷா" என்றான்.
கழற்றித் திரும்பவும் கொழுவினான்,
கடையில் விளையாட்டுச் சாமான் பார்க்கிறவன்போல.
வயர்லெஸ்காரனும் பேச்சை விட்டுவிட்டுக் குனிந்தான்.

ஆர் மன்னிப்புக் கேட்பது, ஆர் நன்றி சொல்வது,
ஒருவருக்கும் பிடிபடவில்லை.
அவசரமாக முறுக்கினேன். ஜக்கை இறக்கினேன்.
போ என்று கை காட்டினார்கள்.

கரிப்பட்டமுறிப்பு தாண்ட
"உன்ர மடியில என்ன கிலுங்குது?" என்றா ரீச்சர்.
கார்ச் சாவியோடு ஒரு போல்ட்.
தலை உள்ளது.

தேக்கங்காட்டு ஓரம் நிறுத்தினேன்.
மூன்றும் இறுக்கமாக இருந்தன.
நாலாவது ஓட்டையில் அது,
தூசி பிடித்து,
அத்தனை மைலும் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது.
கழற்றினேன். சுட்டது.
வலக்கையிலிருந்து இடக்கைக்கு,
இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றி மாற்றி
ஆறும்வரை றோட்டில் நின்றேன்.
ரீச்சர் கண்ணாடியை இறக்கினா.
"நாற்பதுக்கு முப்பத்தெட்டு" என்றா,
ஆருடைய கொப்பிக்கோ.