இருபத்தொன்பது

வியாழன் காலை ஏழு மணி.
நான்காம் மாடிக் கூட்ட அறைக்கு
ஏரியைப் பார்த்த ஜன்னல்.
டுலூத்தில் பிப்ரவரி என்றால்
ஏரி கிடையாது, வெள்ளைத் தரைதான்.
தரைமேல் மீன்பிடிக் குடில்கள்.
பச்சைக் கூரை போட்டது டாக்டர் க்ரோக்ஸ்டாடுடையது.
விசாரணைக் குழுவில் ஐவர்.
மூவர் அந்தக் குடிலில் உட்கார்ந்து
பனி ஓட்டைக்குள் தூண்டில் விட்டவர்கள்.

நான் குறிப்பெடுப்பவள்.
என் பெயர் குறிப்பில் வராது.

புகார் அரைப் பக்கம்.
எழுதியவர் அறுவை அரங்கச் செவிலி ஐலி லெப்பாலா.
"அவர் கை நடுங்கியது. நிறுத்தச் சொன்னேன்.
கத்தரியை என்மேல் எறிந்தார்."
பதினொரு வருடம் அவருக்குக் கருவி எடுத்துக் கொடுத்தவள்
இதை எழுத எத்தனை நாள் எடுத்துக்கொண்டாள் என்று
படிவம் கேட்கவில்லை.

"நடுங்கியது என்பது கவனிப்பா, கருத்தா?"
என்றார் தலைவர்.
"கருத்து என்று போடுங்கள்."
போட்டேன்.
"எறிந்தார்?"
"வைத்தார்."
"சற்று வேகமாக வைத்தார்."
அதற்கு ஓட்டெடுப்பு நடந்தது.

கொள்கைக் கையேடு, பிரிவு ஒன்பது:
தடை முப்பது நாளைத் தொட்டால்
மாநில வாரியத்துக்கு எழுதியாக வேண்டும்.
சட்ட ஆலோசகர் டெல்வெக்கியோ
காகிதக் குவளையை
மேஜைமேல் ஒரு சுற்றுச் சுற்றினார்.
ரேடியேட்டர் சீறியது.
பிறகு யாரோ, இருமுவது போல,
"இருபத்தொன்பது."

நோயாளி தாதுக் கப்பலில் வேலை பார்த்தவர்.
இடது கால் இன்னும் மரத்தே கிடக்கிறது.
தீர்மானத்தில் அவர் ஆறு இலக்க எண்.
எண்ணுக்கு யாரும் கடிதம் போடுவதில்லை.
ஐலிக்குப் போட்டார்கள்:
அவளுடைய நலன் கருதி
கண் வார்டு, இரவுப் பணி.

முப்பதாம் நாள் டாக்டர் வந்தார்.
எல்லோருக்கும் டோனட் வாங்கி வந்தார்.
எனக்கும் ஒன்று, தின்றேன்.
பதினொரு மணிக்கு அரைநாள் விடுப்பு:
பனி இளகுகிறது, குடிலை இழுக்க வேண்டும்,
இன்றுதான் மாநிலம் வைத்த கடைசி நாள்.
அந்தத் தேதியை யாரும் வாக்குக்கு விடவில்லை.
மூவர் உதவிக்குப் போனார்கள்.

கூட்டம் முடிந்ததும்
பிரதிகளை எண்ணி வாங்க வேண்டும் என்பது விதி.
அன்றைக்கு எண்ணி வாங்கினேன். ஐந்து.
துண்டாக்கும் இயந்திரம் ஐந்தையும் மென்றது.
என் சுருக்கெழுத்து நோட்டைப் பற்றி
கையேட்டில் ஒரு வரி இல்லை.
இந்தக் கட்டடத்தில் அதைப் படிக்கத் தெரிந்தவள்
நான் ஒருத்திதான்.

'சற்று வேகமாக வைத்தார்' என்பதற்கு
நாலு கோடு இழுக்க வேண்டும்.
'எறிந்தார்' ஒரே கோடு.
பென்சிலை எடுக்காமலே எழுதிவிடலாம்.