வருகை வீதம்

குருமண்வெளித் துறையில்
காலை ஆறு இருபதுக்கு வந்து குந்தினோம்
நானும் றிஷாஃபாவும்.
இரண்டு பேனா, ஒரு கைபேசி,
கோடு போட்ட தாள் நாற்பது.
மூன்றாம் வருடச் செயற்பாட்டு ஆய்வு,
வரிசைக் கோட்பாடு, இருபது புள்ளி.

பலகை அடித்து மோட்டார் பூட்டி
மிதக்கவிட்ட அதற்கு
இங்கே பெயர் பாதை.
தண்ணீரில் அலைகிற ஒன்றுக்கு
அப்படிப் பெயர் வைத்தவர்
கணிதம் படித்திருக்க மாட்டார்,
அல்லது எங்களைவிட நன்றாகப் படித்திருப்பார்.

வருகிற ஆளுக்கு ஒரு கோடு.
நாலு கோட்டுக்குக் குறுக்கே ஐந்தாவது.
மண்டூர்ப் பக்கம் படிப்பிக்கப் போகும் டீச்சர்மார்,
ஹெல்மெட்டுக்குள் காயாத தலைமுடி,
பெற்றோல் டாங்கிக்கு மேல் கொப்பிக் கட்டு.
மீன்பெட்டி கட்டிய சைக்கிள்.
வெல்லாவெளிக்குப் போகும் கிராம சேவகர்,
அவருடைய குடை தனியாக ஒரு ஆள்போல.
எல்லாருக்கும் ஒரே உயரக் கோடு.

வருகைகள் ஒன்றையொன்று சாராதவை
என்று குறிப்பில் இருக்கிறது.
அண்ணனும் தம்பியும் ஒரு மோட்டார்சைக்கிளில் வந்து
இரண்டு கோடாக இறங்கினார்கள்.
றிஷாஃபா சிரித்தாள், ஆனாலும் எழுதினாள்.

இன்னொரு பாதை விட வேண்டுமா?
அதுதான் கேள்வி.
டீசல் விலை தெரியும், ஓட்டுகிறவரின் சம்பளம் தெரியும்.
ஒரு ஆள் ஒரு மணித்தியாலம் காத்திருந்தால்
எத்தனை ரூபாய்?
சம்பளத்தை வகுத்து
டீச்சருக்கு நானூற்றுப் பத்து என்றேன்.
மீன்காரிக்கு?
போய்க் கேட்டோம்.

"இதென்ன கா கேள்வி?
என்ட மணித்தியாலத்துக்கு ஆர் காசு தாற?
ஐஸ் கரையிற கணக்க எழுது.
மறுகா வந்து என்னக் கேளு."

எழுதினோம், தாளின் ஓரத்தில்,
மாறி எதுவும் சூட்டாமல்.

ஏழு பத்துக்கு அவள் வந்தாள்.
ஊதாக் குடை, மார்போடு அணைத்த ஒரு கோப்பு.
கோடு போட்டேன்.
பாதை வந்தது. ஏறவில்லை.
அடுத்ததும் வந்து நிரம்பிப் போனது.
பிந்தி வந்த பதினேழு பேர்
அவளைச் சுற்றிக்கொண்டு நடந்து
அக்கரை சேர்ந்தார்கள்.
எட்டு ஐம்பதுக்குக் கிறுகிப் போனாள்
களுவாஞ்சிக்குடிப் பக்கம்.

அடுத்த நாளும் ஏழு பத்து.
அதற்கடுத்த நாளும்.

"வெட்டி விடு கா,
சராசரியைக் கெடுக்கிறாள்."

ஒரு காலைக்கு அறுபத்தாறு பேர்.
அவளை வெட்டினால்
சராசரிக் காத்திருப்பு பதினொரு நிமிடம்.
வைத்திருந்தால் பன்னிரண்டு தசம் மூன்று.
பன்னிரண்டைத் தாண்டினால்
இரண்டாவது பாதை லாபம்.
அதாவது,
ஏறாத ஒருத்தியின் பெயரால்
இன்னொரு பாதை ஓடும்.
அதிலும் அவள் ஏறமாட்டாள்.

மீன்காரியிடம் கேட்டோமே,
இவளிடம் ஏன் கேட்கவில்லை என்று
றிஷாஃபா கேட்டது பஸ்ஸில்,
செங்கலடி தாண்டின பிறகு.
நான் கைபேசியில் மணி பார்த்தேன்.

நாலாம் நாள்
சேவை நேரம் அளக்க நாங்களே ஏறினோம்.
நடு வாவியில் திரும்பிப் பார்த்தால்
கரையில் ஊதா நிறம் ஒரு துளி.
நேரம் ஏழு பத்தாக இருக்க வேண்டும்.
கோடு போட அங்கே ஆளில்லை.
அடுத்த பாதையில் வந்தாளோ,
நாங்கள் மண்டூரில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம்.

வெட்டவில்லை.
இரண்டாவது பாதை வேண்டும் என்று முடிவு எழுதினோம்.
திரும்பி வந்த தாளில் சிவப்பு மையில்:
நாலாம் நாள் வருகைகள் எங்கே?
இருபதுக்குப் பதின்மூன்று.