பூட்டிய புல்

கீழிருந்து சொல்கிறேன்.
வாய்க்கால் ஓரம் பார்லி, அப்புறம் அக்ரூட் மரங்கள்:
ஒரு மரத்துக்குப் பதினோரு பங்காளிகள்,
கிளை கிளையாய்ப் பாகப்பிரிவினை.
காய் மராக்கெஷ் சந்தைக்கு, கறை எங்கள் விரல்களுக்கு.
மண் உள்ள இடத்தில் வீடு கட்டமாட்டோம்,
அது வயிற்றுக்கு.
படுக்கப் பாறை போதும்.

ஏறினால் மலைக்கு இரண்டு முகம்.
வெயில் முகம் அசம்மர்,
ஆடுகள் குளிர்காயும், விறகு சீக்கிரம் தீரும்.
நிழல் முகம் அமாலு,
ஜூனிலும் அதன் பாறையிடுக்கில்
ஒரு வெள்ளைக் கந்தல் கிடக்கும்.
அதைப் பிழிந்துதான் ஆகஸ்டில்
என் வெங்காயம் தண்ணீர் குடிக்கிறது.

ஜூனிப்பர் நின்றுபோய்,
முள்ளுப் புதர்கள் திண்டு திண்டாய் உருண்டு கிடக்கும்
சரிவையும் தாண்டினால்
திடீரென்று, உள்ளங்கை அகலத்துக்கு, புல்.
மார்ச் கடைசியில் அதைப் பூட்டுவோம்
ஐந்து ஊர் கூடிச் சொல்லும் ஒரு சொல்லால்.
ஆகஸ்ட் பத்து வரை ஒரு குளம்பு படக்கூடாது.
பூக்கட்டும். விதை உதிரட்டும்.

இந்த வருஷம் காவல் நான்.
கூலி, வீட்டுக்கு ஒரு மரக்கால் பார்லி.
மே மாதம் ஈத்தோவின் ஏழு ஆடுகளைப் பிடித்தேன்.
அவள் கெஞ்சவில்லை.
"உன் வீட்டிலும் நாலு கால் இருக்கு, ஹத்தூ" என்றாள்.

ஜூலை பத்தொன்பது, விடியல்.
மூடுபனி விலக விலக
புல்லின் நட்டநடுவே,
வயிறுவரை பூவில்,
அறுந்த கயிறு கழுத்தில் தொங்க
என் கோவேறு கழுதை.
தலை தூக்கிப் பார்த்தது. மறுபடி குனிந்துகொண்டது.

வேறு யாரும் பார்க்கவில்லை.
மலை பார்த்தது என்று சொல்லமாட்டேன்,
மலைக்கு வேறு வேலை இருக்கிறது.

கொஞ்சநேரம் உட்கார்ந்தேன்.
அது தின்னட்டும் என்றுதான், பொய் சொல்வானேன்:
ஒரு வாய்க்கும் ஒரு வயிற்றுக்கும்
அபராதம் ஒன்றுதானே.

பிறகு இறங்கிவந்து
கூட்டத்தில் என்மேல் நானே பிராது சொன்னேன்.
சிரித்தார்கள்.
அந்தச் சிரிப்பில் தள்ளுபடி ஏதும் உண்டா என்று தேடினேன்.
இல்லை.

ஐந்து ஊருக்கும் ஒரு வேளைச் சாப்பாடு.
கிடா போயிற்று,
மூன்று சர்க்கரைக் கூம்பும், ஒரு கட்டுப் புதினாவும்.
ஈத்தோ இரண்டாம் தரம் கறி கேட்டாள்.
போட்டேன்.
"எலும்போடு" என்றாள்.
அதையும் போட்டேன்.

வெளியே புதுக் கயிற்றில் அது நின்றது,
உப்பிய விலாவோடு, சாந்தமாய்.
அதன் சாணத்தை என் மனைவி
வெங்காயப் பாத்திக்கு அள்ளிப் போனாள்,
உள்ளே முழுசு முழுசாய் விதைகள்.

பூட்டுத் திறக்க
இன்னும் இருபது நாள்.