இன்னொன்று

கையை இறக்கினால் காணோம்.
முன்னால் நீட்டினால்
தோள்பட்டை எலும்பின் அடியிலிருந்து
எட்டிப் பார்க்கிறது.
"கள்ளப் பூனை" என்கிறாள் சூல்ஃப்ரிட்,
வார்டோவில் நாற்பது வருடம் வலை இழுத்தவள்.

ஜன்னலில் பதினொரு மணி இருட்டு.
திரையில் அவள் நெஞ்சுச் சுவர்:
விலாவை ஒட்டிச் சாம்பல் சதை,
ஊடே வெள்ளை வெள்ளையாய்க் கொழுப்பு வரி.

ஊசி குத்திச் சதை எடுக்கச்
சீட்டு எழுதியாகிவிட்டது.
நான் இடப்பக்கம் தேடினேன்.

"இன்னொன்றும் இருக்கிறது!" என்றேன் சிரித்தபடி.
அவள் முகம் வெளுத்தது.
நல்ல சேதியைத்
தலைகீழாகச் சொல்வது என் பழக்கம்.

திரையைத் திருப்பினேன்.
கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தாள்.
"சால்மன் வயிறு.
இதை அறுக்கவா இத்தனை பேர்?"

சீட்டில் குறுக்கே கோடு போட்டேன்.
கொக்கியிலிருந்த கோட்டுக்கு வலக்கையை நீட்டினாள்;
கம்பளிச் சட்டைக்குள்
பூனை ஒருமுறை தலைதூக்கியது.