வெறும் வண்டி

சங்ககிரி பைபாஸில் என் எடை மேடை.
ராத்திரி பதினொன்றுக்கு மேல்தான் கூட்டம்.
மக்காச்சோளம், சிமெண்ட், குச்சிக்கிழங்கு,
ஒருதரம் கல்யாண மண்டபத்து நாற்காலிகள் மொத்தமும்.
லோடு இறக்கித் திரும்ப ஏறும்போது
சிவப்பு எண்கள் கொஞ்சம் தத்தளிக்கும்,
அப்புறம் நிற்கும்.
அது வண்டியின் சொந்த எடை.

நேற்று லோன் விஷயமாக
இடம் பார்க்க வந்த பேங்க் மேனேஜர்
மோகனப்பிரியா.
பத்தாம் வகுப்பில் நானூற்று எண்பத்தொன்பது.
ஒரு மார்க் எங்கே போச்சென்று
சைக்கிள் ஸ்டாண்டில் அழுதுகொண்டிருந்தவள்.
அவள் கைபட்ட விடைத்தாள்
மூலை நைந்திருக்கும் வேர்வையில்.

நான் பாவாயி.
பேரைக் கூப்பிட்டாலே வகுப்பு சிரிக்கும்.
"உள்ளேன் ஐயா" என்பேன்
சிரிப்புக்கு மேலே கேட்கிற மாதிரி.
கணக்கில் இருபத்தேழு.
அதையும் அதே குரலில்தான் வீட்டில் சொன்னேன்.
அடி விழுந்தது.
சோற்றை நானே போட்டுத் தின்றேன்.

இருபத்திரண்டு வருஷம் கழித்து
என் தகர ஷெட்டுக்குள் வர
செருப்பைக் கழற்றப் பார்க்கிறாள் மேனேஜர்.
மூன்று கையெழுத்துக்கு நான்கு 'சாரி'.
மண்டல ஆபீஸிலிருந்து போன் வந்ததும்
இடது கை தானாகப் போய்த் துணியைத் திருகுகிறது.
அன்றைக்குத் தாவணி, இன்றைக்குப் பட்டுச் சேலை,
விரல் அதே விரல்.
"போன மாசம் அவார்டு குடுத்தாங்க புள்ள.
வேற யாருக்கோ போக வேண்டியது
பேர் மாறி வந்துருச்சோன்னு
இன்னும் தூக்கமில்ல."

எனக்கு நன்றாகத் தூக்கம் வரும்.
யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல்
இந்த மேடையை வாங்கி
ஏழு வருஷமாக வட்டி கட்டுகிறேன்.
அதுவும் அதே பாவாயிதான்.

மழையில் நனைந்த தார்ப்பாய் அறுபது கிலோ கூட்டும்.
டீசல் தீர்ந்தால் குறையும்.
கிளீனர் இறங்க மறந்தால் ஓர் ஆள்.
டிரைவர்கள் பழைய சீட்டை நீட்டுவார்கள்:
"எப்பவும் இதேதானுங்க்கா, பார்த்து எழுதிக்குங்க."
எழுத மாட்டேன்.
ஏற்று, மறுபடி நிறுத்து என்பேன்.

அவளிடம் அப்படிச் சொல்ல வரவில்லை.
டீ ஆறிக்கொண்டிருந்தது.
"குடி" என்றேன்.
குடித்தாள்,
அதற்கும் ஒரு சாரி.

கார் திரும்ப இடமில்லை.
மேடை மேல் ஏறித்தான் போக வேண்டும்.
எண்கள் எழுந்தன, தத்தளித்தன.
கண்ணாடிக்குள்ளிருந்து கையை ஆட்டினாள்.
நிற்பதற்குள்
இறங்கிப் போய்விட்டாள்.