முதல் பெட்டி

ஆண்டுக்கு ஒருநாள் தொண்டு செய்ய
வங்கியே சம்பளத்துடன் விடுப்புத் தருகிறது.
போன ஆண்டு மரம் நட்டேன்.
பாதி பட்டுப்போனதாய் மின்னஞ்சல் வந்தது.
இந்த ஆண்டு பிள்ளைகள்.

டாண்டினோங்கில் ஒரு பள்ளி, பத்தாம் வகுப்பு,
மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய பாடவேளை.
அறையெங்கும் நூடுல்ஸ் மசாலா வாசம்.
வெண்பலகையில் யாரோ பாதி அழித்த சமன்பாட்டில்
எக்ஸ் மட்டும் இன்னும்
கண்டுபிடிக்கப்படாமல் நின்றது.

கழுத்தில் அட்டை: வாகினி, கடன் அபாயப் பிரிவு.
பையில் வங்கிப் பேனாக்கள் முப்பது.
நிதித்துறையில் என்னென்ன வேலை உண்டென்று
இருபத்து நான்கு படங்கள் செய்துகொண்டு போனேன்.
மூன்றாவதிலேயே புரொஜெக்டர் நின்றுவிட்டது,
ஆக்சுவரி என்ற சொல்லின்மேல்
நீலமாய் உறைந்து.

“வருசத்துக்கு எவ்வளவு, மிஸ்?”
சொன்னேன்.
பின்வரிசையில் ஒரு சீழ்க்கை.
“இங்க வந்ததுக்கு?”
ஒன்றுமில்லை என்றேன்.
அது பொய்.

அபாயம் என்றால் என்ன, யாராவது சொல்லுங்கள்.
மாதக் கடைசி வாரம்
அப்பா காப்புறுதி இல்லாமல் வேன் ஓட்டுறது, என்றாள் மசூமா.
அண்ணன் வாங்கின கிரிப்டோ, என்றான் துவான்.
எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

நான் ஒரு வளைகோடு வரைந்தேன்.
இந்தப் பக்கம் நிற்பவருக்குக் கடன் கிடைக்கும்.
அந்தப் பக்கம்
“அந்தப் பக்கம் நிறையச் சனம் நிக்குது, மிஸ்.”

அச்சோல்.
வேதியியல் கொப்பியைத் தலைகீழாய்த் திருப்பி
கடைசிப் பக்கங்களைக் காட்டினாள்.
பன்னிரண்டு பெண்கள், பன்னிரண்டு மாதம்,
தலைக்கு இருநூறு டொலர்.
ஆங்கிலம் ஓடாத அம்மாமாரின் கணக்கெல்லாம்
இவள் கையெழுத்தில்.
சந்தூக் என்றாள், பெட்டி என்று அர்த்தமாம்.
சீட்டு, என்றது என் நாக்கு,
அந்த வகுப்பில் ஒருவருக்கும் விளங்காத தமிழில்.

“யாராவது கட்டத் தவறினதுண்டா?”
“போன வட்டத்தில ஒருத்தி.
கோழி ஆலையில வேலை போயிட்டுது.”
“பிறகு?”
“இந்த வட்டத்தில முதல் பெட்டி அவவுக்குக் குடுத்தம்.”

முதல்.
எங்கள் மொழியில் அந்தச் சொல்லுக்குத்
தொடக்கம் என்றும் பொருள்,
போட்ட காசு என்றும் பொருள்.
பதினொரு வருடமாய் இரண்டாவதை மட்டுமே
வட்டியோடு சேர்த்துச் சொல்லி வருகிறேன்.

அந்தப் பெண் என் வளைகோட்டில்
எங்கே நிற்பாள் என்று மனம் தானாய்ப் பார்த்தது.
வேலை இல்லை. தவணை தவறல் ஒன்று.
இரண்டு விநாடி.
அதற்கென்று ஒரு பொத்தான் இருக்கிறது, சாம்பல் நிறத்தில்.
இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை.

“இந்த முறை ஒழுங்காய்க் கட்டுகிறாளா?”
கேட்டிருக்கக் கூடாது.
அச்சோல் கொப்பியை மூடினாள்.
“இன்னும் ஏழு மாசம் இருக்கு, மிஸ்.”

மணி அடித்தது. பேனாக்கள் பறந்தன.
அவள் நான்கு எடுத்துக்கொண்டு,
சிவப்பு இருக்கா, என்று கேட்டாள்.
வங்கி சிவப்பு மை தருவதில்லை.

திரும்பும் ரயிலில் கைபேசிக்கு வந்தது படிவம்.
உங்கள் வருகையால் எத்தனை மாணவருக்கு
நிதித்துறையில் ஆர்வம் ஏற்பட்டது?
எண் மட்டும்.
ஏற்கெனவே அந்த வேலையில் இருப்பவர்களுக்குக்
கட்டம் எதுவும் இல்லை.
ஸ்பிரிங்வேல் போனது, கிளேட்டன் போனது.
ஆறு என்று போட்டேன்.

அத்தாட்சி ஒன்றும் கேட்காமல்
ஏற்றுக்கொண்டது.