லாஸ்ட் டைம்

பகாவ் கடைவீதியில் எங்கள் கிளினிக்குக்கு
நாகர்கோவிலிலிருந்து வந்த டாக்டர் அருள்ஜோதி
முதல் நாள் காரை நிறுத்தத் திணறியபோது
காவலுக்கு நிற்கும் பாக் ரம்லி
"கோஸ்தான்! கோஸ்தான்!" என்று கத்தினார்.
அவர் இறங்கி வந்து என்னிடம் கேட்டார்:
யார் அந்தக் கோஸ்தான்?

பின்னால் எடு என்று அர்த்தம், டாக்டர்.
கப்பல்காரன் விட்டுப்போன இங்கிலீஷ்.
கடல் இங்கிருந்து ஒன்றரை மணி நேரம்.
செம்பனை லோரி எல்லாம்
அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் பின்வாங்கும்.

எல்லாருக்கும் தமிழ் உண்டு.
ஆனால் தோட்டத்திலிருந்து வருகிறவர்கள்
டாக்டரிடம் இங்கிலீஷில் சொன்னால்தான்
நோய்க்கு மரியாதை என்று நினைப்பார்கள்.

"மை ஹஸ்பண்ட் சென்ட் மீ" என்றாள் தவமணி அக்கா.
டாக்டர் பேனாவை வைத்துவிட்டுக்
குரலைத் தாழ்த்தி விசாரித்தார்:
வற்புறுத்தி அனுப்பினாரா? வீட்டில் அடிப்பாரா?
அக்கா திருதிருவென விழித்தாள்.
மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்ட பாவத்துக்கு
அந்த மனிதர் எதிர்க்கடையில் ஹெல்மெட்டோடு
ரொட்டி சானாய் பிய்த்துக்கொண்டிருந்தார்.

நானும் சளைத்தவள் இல்லை.
ஜெராக்ஸ் வேண்டும் என்றார்,
மருந்து அலமாரியில் அந்தப் பெயரைத் தேடினேன்.
போட்டோஸ்டேட் என்றிருந்தால் ஓடியிருப்பேன்.
கவரில் போட்டுக் கொடு என்றார்,
இருமல் மருந்துப் போத்தலைக்
கடித உறைக்குள் நுழைக்கப் பார்த்தேன்.
போன வருஷம் அப்பா எக்ஸ்பயர்ட் என்றபோது
சிரித்துத் தொலைத்தேன்.
எங்களுக்கு மாத்திரைதான் காலாவதியாகும்,
காரின் ரோட்டெக்ஸ் காலாவதியாகும்.
அன்று முழுக்க அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

லாஸ்ட் டைம் மட்டும் தீரவே இல்லை.
குலை வெட்டும் அர்ச்சுணன்
"லாஸ்ட் டைம் ஐ டிரிங்க்" என்றார்.
எப்போது? நேற்றா, முந்தாநாளா?
"லாஸ்ட் டைம் லா, டாக்டர்."
அவர் கடைசித் தடவைக்குத் தேதி கேட்கிறார்.
இவர் ஒரு காலத்தையே சொல்கிறார்:
சம்பளமும் சம்சுவும் ஒரே நாளில் வந்த காலம்,
இடது கையில் ஐந்து விரலும் இருந்த காலம்.
அட்டையில் அந்தக் கட்டம் காலியாகவே கிடந்தது.

ஜூலையில் ஒருநாள், மழை,
நோயாளிகள் யாரும் இல்லை.
உனக்குக் கல்யாணம் ஆயிற்றா என்றார்.
வாய் முந்திக்கொண்டது:
லாஸ்ட் டைம்.
எத்தனை தடவை, என்று கேட்டார்.
கேலி இல்லை. நிஜமாகவே எண்ணிக்கை கேட்டார்.
சிரித்தேன். சிரிப்பு நிற்கவில்லை.
கொஞ்ச நேரத்தில் அது சிரிப்பாக இல்லை.

ஒரு தடவைதான், டாக்டர்.
சிங்கப்பூருக்கு அவுட்ஸ்டேஷன் என்று
ஒற்றைப் பையோடு கிளம்பினான்.
பதினோரு வருஷம்.
அந்த ஒரு சொல் மட்டும்
அவருக்கும் எனக்கும் ஒன்றாகவே இருந்தது.
எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் கோப்புகளை அடுக்கும்போது பார்த்தேன்,
அர்ச்சுணன் அட்டையின் காலிக் கட்டத்தில்
அவர் கையெழுத்து, தமிழில்:
முன்னொரு காலத்தில்.

ஒப்பந்தம் முடிந்து கிளம்புகையில்
நெக்ஸ்ட் டைம் உன் வீட்டில் பசியாறுவேன் என்றார்.
பசியாற என்னிடம் கற்றது.
நெக்ஸ்ட் டைம், அவர் ஊரில் அடுத்த முறை.
இங்கே, எப்போதாவது, பார்க்கலாம்,
வராவிட்டாலும் குற்றமில்லை.
நான் திருத்தவில்லை.

வெளியே ஆலைப் புகையின் எண்ணெய் வாடை.
காருக்கு முன்னால் மறித்தபடி ஒரு லோரி.
பாக் ரம்லி கையை ஆட்டிக் கத்துகிறார்.
டாக்டர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை,
கண்ணாடியைப் பார்த்தார்,
ஒரே மூச்சில்
கோஸ்தான் எடுத்தார்.